மற்றும் பலர்

நம்முடைய நோட்டீசுகளில் தவறாமல் இடம் பெறுகிற ஆசாமி ஒருவர் உண்டு. கோயில் திருவிழாவா, கட்சிக் கூட்டமா, கல்லூரி ஆண்டு விழாவா, எதுவானாலும் அவர் இல்லாமல் நடக்காது. தலைமை தாங்குகிறவர், முன்னிலை வகிக்கிறவர்கள், வாழ்த்துரை வழங்குகிற பதினாறு பேர், நன்றி நவில்கிறவர் எல்லாருடைய பெயரும் அச்சாகிக் காகிதத்தின் அடியில் கட்டை விரல் அகலத்துக்கு இடம் மிஞ்சினால் அங்கே அவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய பெயர் 'மற்றும் பலர்'.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என்னுடைய பரந்த மனம் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். நான் ஒரு திருட்டு செய்திருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ளாமல் தூக்கம் வரவில்லை.

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் மாசி மகத் திருவிழாவை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்த நாட்களில் ஊரில் நடக்கிற கொண்டாட்டங்களுக்குக் கணக்கே கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஓர் இரவு, ஒரு தெருவில் சினிமாப் பாட்டு இன்னிசைக் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. எட்டு மணிக்கு ஆரம்பம் என்று போட்டிருந்தார்கள். ஏழு மணிக்கே ஜனங்கள் கோணியும் பாயும் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கச்சேரிக்காரர்களின் வேன் வந்துவிட்டது, பாடகி வரவில்லை. அந்த இடைவெளியை அடைப்பதற்கு மேடையில் ஒரு மனிதரை ஏற்றினார்கள். முப்பது வயதிருக்கும். கையில் 'டேப்' என்று சொல்கிறார்களே, அந்த ஒற்றைத் தோல் கருவி. வேறு பக்கவாத்தியம் இல்லை.

அவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. அவர் பாட ஆரம்பித்ததும் மைக் செட்டுக்காரர் கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம் பாடுங்கண்ணே, ட்ரெபிள் சரியா விழல" என்று குரல் கொடுத்தார். அதாவது, அந்த மனிதரின் பாட்டு அந்த இரவில் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிற காரியத்துக்குப் பயன்பட்டது! ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். பட்டாணி கொறித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டில் என் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

விருத்தாசலத்துக்குக் கோயிலைப் போலவே பீங்கானாலும் பெயர் உண்டு. பீங்கான் தொழிலைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிற ஊர் இது. பக்கத்தில் நெய்வேலி, பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணைப் பெயர்க்கும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. மின்சாரப் பீஸ் கட்டைகளும் கோப்பைகளும் கொலு பொம்மைகளும் இங்கேயிருந்து போகின்றன. பொம்மை செய்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களிமண்ணைப் பால் பதத்துக்குக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும்; ஓரத்தில் தோல் போல மண் படியும்; மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காய்ந்ததும் அச்சைப் பிரித்துப் பொம்மையை வெளியே எடுப்பார்கள். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சினால் துடைத்து, விரல் பட்ட தடத்தையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் சூளைக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் சுமார் 1,200 டிகிரி நெருப்பு.

அந்த மனிதர் பாடியது இந்தப் பொம்மையைப் பற்றி. அச்சிலிருந்து அப்போதுதான் பிறந்து இன்னும் ஈரம் காயாத லட்சுமியிடம் பொம்மைக்காரன் பேசுகிறான். உன் முகத்தைத் துடைத்துவிட்டவன் நான். ஒன்பது நாளும் நீ ஒரு வீட்டுக் கூடத்தில் படி ஏறி உட்காரப் போகிறாய். அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டி என்னை உள்ளே விடுவார்களா என்று நீ கேட்டுச் சொல்வாயா என்கிறான். அழுது பாடவில்லை. வேடிக்கையாக, கிண்டலாக, ஒரு பெண்ணைச் சீண்டுகிற மாதிரி பாடினார். அதனால்தான் அது குத்தியது. என் வீட்டிலும் கொலு உண்டு.

பாடகி வந்துவிட்டார். டேப்காரர் பாதியில் இறங்கினார். நான் எழுந்து போய் அவர் யார் என்று கேட்டேனா? இல்லை. வீட்டுக்குப் போய் நோட்டுப் புத்தகத்தில் நான்கு அடிகளை ஞாபகத்திலிருந்து எழுதி வைத்துக்கொண்டேன். எழுத்தாளன் புத்தி!

அடுத்த ஆண்டு வந்த என் நாவலில் சூளையில் வேலை செய்கிற ஒரு கிழவன் அந்த நான்கு அடிகளைப் பாடுகிறான். விமரிசகர்கள் இருவர் அந்த இடத்தைக் குறிப்பிட்டுப் புகழ்ந்தார்கள். பக்கத்தின் அடியில் நான் நேர்மையாக ஒரு குறிப்புப் போட்டிருந்தேன்: 'இது ஒரு நாட்டுப்புறப் பாடல்'. நேர்மை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டாம் தடவை அவரைக் கேட்டது பாலக்கரையில் ஒரு கட்சிக் கூட்டத்தில். தலைவர் வர இரண்டு மணி நேரம் தாமதம். அந்த இரண்டு மணி நேரமும் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருந்தவர் இந்த மனிதர்தான். தலைவரின் கார் விளக்குத் தெரிந்ததும், அடியின் நடுவில், சொல்லின் நடுவில், மைக்கை அவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார். அவரும் பழகியவரைப் போலக் கொடுத்துவிட்டார்.

நம் அரசியல் மேடைகளுக்கு இந்த மரியாதை தெரியாது என்று சொல்வதற்கில்லை. நாகூர் அனிபா பாடுகிறார் என்றால் அதற்காகவே மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர் பெயர் சுவரொட்டியில் தலைவர்களின் பெயருக்குச் சமமாக நின்றது. ஆனால் அந்தக் குரலுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்த புலவர் ஆபிதீனை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? பாடுகிறவன் பெயர் நிற்பதே அபூர்வம். கட்டியவன் பெயர் நிற்பது அதிலும் அபூர்வம். பாடுகிறவனும் கட்டியவனும் ஒரே ஆளாகவும், அவன் கூலிக்காரனாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாம் தடவை ஒரு கல்லூரியின் கலை விழா. சிறப்பு விருந்தினர் நான். எனக்கு முன்னால் 'கிராமியப் பாடல்கள்' என்று ஒரு நிகழ்ச்சி. பார்த்தால், அவர்! என் நாவலின் கிழவன் பாடிய அதே பாட்டு! மாணவர்கள் கைதட்டிக் கூரையைப் பிளந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியரிடம், "இதை எழுதியவர் யார்?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நாட்டுப்புறப் பாட்டு சார். அதுக்கெல்லாம் ஆசிரியர் கிடையாதே. உங்க நாவல்லகூட வருதே!" என்றார்.

மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பிடித்தேன். டேப்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த லட்சுமி பாட்டு..."

"நான் கட்டுனது சார். பொம்மைப் பட்டறையில வேலைக்கு இருந்தப்போ. மெட்டு எங்க பாட்டி நடவுல பாடுனது, சொல்லு என்னுது."

"என் புத்தகத்தில்..."

"படிச்சேன் சார். எங்க ஊரு லைப்ரரியில இருக்குது." கொஞ்ச நேரம் துணியின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ போட்டிருந்தீங்களே, நாட்டுப்புறப் பாடல்னு... நான் உசுரோடதான சார் இருக்கிறேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவதாகப் பழமொழி. அது பிறந்தது எங்கள் மணிமுத்தாற்றில்தான். இறைவன் கொடுத்த பொன்னைச் சுந்தரர் இங்கே ஆற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பார்கள். ஆனால் அந்தச் சுந்தரர்கூட, போடுவதற்கு முன்னால் மாற்றுப் பார்க்க மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். தம்பிரான் தோழருக்கே அத்தாட்சி தேவைப்பட்டது. இந்த மனிதர் எந்த மச்சத்தைக் காட்டுவார்?

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். 'நாட்டுப்புறப் பாடல்' என்ற சொல்லை நாம் புகழுரையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உயிரோடு இருக்கிற ஒருவன் கட்டிய பாட்டுக்கு அந்தச் சொல்லைப் போடும்போது அது புகழுரை அல்ல, பறிமுதல். ஊர்ப் பொதுச் சொத்து என்று எழுதிவிட்டால் யாரும் அள்ளலாம் அல்லவா? நானும் அள்ளினேன்.

மயிலாப்பூர்ச் சபையில் ஒரு வித்வான் ஒரு கிருதியைப் பாடிவிட்டு, "இது ஏதோ பழைய பாட்டு, யாரோ பண்ணினது" என்று சொன்னால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தியாகராஜர் தம் பெயரைக் கிருதிக்குள்ளேயே வைத்துப் போனார். தீட்சிதர் 'குருகுஹ' என்று முத்திரை வைத்தார். நமக்கு அது பக்தியாகத் தெரிகிறது, அழகாகத் தெரிகிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில் 1959-இல் மறைந்தார். வயல்வெளியின் சந்தத்தைச் சினிமாவுக்குக் கொண்டு வந்தவர்களில் அவர் முக்கியமானவர். அவர் பாட்டை எவனாவது 'ஆசிரியர் இல்லாத கிராமியப் பாடல்' என்பானா? மேடையைப் பொறுத்துப் பெயர் ஒட்டுகிறது, அல்லது உதிர்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

"நாட்டுப்புறத்தானுக்குப் பெயர் ஆசை கிடையாது, அவன் சமூகத்தின் குரல்" என்று ஒரு கட்சி உண்டு. பட்டணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுகம். போன நூற்றாண்டின் சந்தைகளிலும் ரயில்களிலும் கொலைச் சிந்து பாடி விற்றவர்களுடைய குஜிலிப் புத்தகங்களைப் பழைய நூலகங்களில் எடுத்துப் பாருங்கள். காலணா, அரையணாப் புத்தகம். காகிதம் மட்டம், அச்சு அதைவிட மட்டம். ஆனால் அட்டையில் இன்ன ஊர் இன்னார் இயற்றியது என்று எத்தனை புத்தகங்கள்! பெயர் ஆசை அவர்களுக்கு இருந்தது. இருக்க வேண்டியதுதானே?

நாட்டார் பாடல்களைச் சேகரித்த பெரியோர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதி அழிந்திருக்கும். 1964-இல் நா. வானமாமலை வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என் தலைமாட்டுப் புத்தகம். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் வெளியீடாக வந்தது. பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்காரத் துரை சேகரித்து வைத்த பாடல்கள் அவை. துரையின் பெயரை அறிந்த வாசகர்களைச் சந்தித்திருக்கிறேன். அவருக்குப் பாடிக் காட்டிய ஒருத்தியின் பெயரைச் சொல்லும் வாசகரை இன்றுவரை சந்தித்ததில்லை. சேர்த்தவனுக்குப் பெயர், பாடியவளுக்கு 'மக்கள்' என்ற பட்டம்!

உண்மையாகவே பல தலைமுறை வாயில் உருண்டு திரண்ட பாட்டு இருக்கிறது. அதற்கு ஆசிரியனைத் தேடுவது வீண். மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியன் எதிரில் நிற்கும்போதும் தேடாமல் இருப்பதற்கு அதைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். 'மனுசங்கடா' என்ற பாட்டு வெண்மணியின் நெருப்பை மறக்க விடாத பாட்டு. எழுதியவர் கவிஞர் இன்குலாப். அதைத் தன் குரலில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கே. ஏ. குணசேகரன். இருவரும் 2016-இல் காலமானார்கள். அந்தப் பாட்டையும் 'மக்கள் பாட்டு, யார் எழுதினதுன்னு கிடையாது' என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். படித்தவர்தான். குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியர். 'வடு' என்று தன் வரலாறு எழுதியவர். பேராசிரியராக இருந்தவர் பாடிய பாட்டுக்கே கதி இதுவானால், பட்டறைக் கூலிக்கு என்ன கதி?

பெயர் பெற்றவர்களும் தப்புவதில்லை. 2021-இல் உலகம் முழுக்கக் கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பாடினார்கள். அதன் சொற்களை எழுதித் தானும் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அதை எடுத்தார். அந்த ஆண்டே ஒரு பிரபல ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அறிவின் முகம் வரவில்லை. பலர் கேள்வி கேட்ட பிறகு அவருக்கென்று தனியாக ஓர் அட்டையை இணையத்தில் வெளியிட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. அவர் மனம் நொந்து எழுதினார். இசையமைப்பாளரும் பாடகியும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் அத்தனை சச்சரவிலும் நான் கவனித்தது ஒன்று: அறிவு கேட்டது பணத்தை அல்ல. 'இதை நான் எழுதினேன்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை.

அமெரிக்காவில் 1961 ஏப்ரல் 11-ஆம் தேதி, நியூயார்க்கில் ஒரு சிறிய விடுதியில் ஜான் லீ ஹூக்கர் என்ற பெரிய பாடகரின் கச்சேரிக்கு முன்னால் பாட இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையனை ஏற்றினார்கள். நம்முடைய டேப்காரரின் இடம்தான். இடைவெளியை அடைக்கிற இடம். செப்டம்பரில் அதே விடுதியில் வேறொரு குழுவுக்கு முன்னால் மறுபடியும் பாடினான். 'நியூயார்க் டைம்ஸ்' விமரிசகர் ராபர்ட் ஷெல்ட்டன் வந்திருந்தார். பிறகு வந்த விமரிசனத்தின் தலைப்பில் இருந்தது பெரிய குழுவின் பெயர் அல்ல. முன்னால் பாடிய பையனின் பெயர். பாப் டிலன். 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குப் போயிற்று. அந்தப் பையன் மகா யோக்கியன் என்று சொல்லவில்லை. நீக்ரோ அடிமைகளின் பழைய பாட்டொன்றிலிருந்து தன் புகழ்பெற்ற பாட்டின் மெட்டை எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மெட்டுப் பழையது, சொல் புதியது. எங்கள் விருத்தாசலத்துக்காரரும் அதைத்தானே சொன்னார்? பாட்டியின் மெட்டு, தன் சொல். அங்கே அது நோபல். இங்கே 'மற்றும் பலர்'.

ஷெல்ட்டன் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பாடிய ஆளின் பெயரைக் கேட்டு, எழுதினார். நான் பட்டாணி கொறித்தேன்.

சட்டமும் இந்த மனிதர்களின் பக்கம்தான் இருக்கிறது என்பது வேடிக்கை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமை முழுவதையும் விற்றுவிட்ட பிறகும், 'இது என் ஆக்கம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆக்கியவனை விட்டுப் போவதில்லை. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும் பாட்டு அவனுடையது. 2012-இல் வந்த திருத்தம் பாடலாசிரியர்களின் வருமானப் பங்குக்கும் காவல் போட்டது. ஆனால் டேப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைசிப் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? பந்தல்காரருக்கு முன்பணம் உண்டு. மின்விளக்கு அலங்காரக்காரருக்கு முன்பணம் உண்டு. இவருக்கு ஒரு துண்டைப் போர்த்தி, "சாப்டுட்டுப் போங்க" என்கிறார்கள். கல்லூரியில் எனக்குப் போர்த்தியது பொன்னாடை. ஜரிகை போட்டது.

எங்கள் நடுநாட்டில் இதற்கு நேர் எதிரான வழி காட்டிய ஒருவர் இருக்கிறார். 1988-இல் வந்த 'சனங்களின் கதை'யில் த. பழமலய் தம் உற்றார் உறவினரையும் ஊர்க்காரர்களையும் கவிதைக்குள் கூட்டி வந்தார். மக்கள் என்று மொத்தமாகக் கட்டாமல் ஆள் ஆளாகக் கூட்டி வந்தார். அதைப் படித்துக் கொண்டாடியவன் நான். கொண்டாடிவிட்டு, என் அடிக்குறிப்பில் ஓர் ஆளை ஜனக்கூட்டத்தில் கரைத்தேன்.

அவர் பெயரை இங்கே ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். இத்தனை நேரம் பெயர், பெயர் என்று அடித்துக்கொண்டவன் கடைசிவரை 'அந்த மனிதர்' என்றே ஓட்டுகிறானே! பத்திரிகையில் கட்டுரை எழுதி உங்கள் பெயரைப் போடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"பத்திரிகையில வேணாம் சார். அது உங்க கட்டுரை. பேரு எங்க விட்டுப் போச்சோ அங்க போடுங்க."

பதிப்பாளரிடம் போனேன். நாவலில் இன்னும் நானூறு பிரதி கையிருப்பு இருக்கிறது, மறுபதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுபதிப்பு என்பது நம் ஊரில் மறுபிறவியைப் போல. உண்டு என்பார்கள், கண்டவர் சிலர். பிழை திருத்தச் சீட்டு அடித்து ஒட்டுங்கள் என்றேன்.

"அது அச்சுப் பிழைக்குப் போடுறது சார். இது அச்சுப் பிழை இல்லையே."

"இல்லை. என் பிழை. அந்தச் சீட்டிலேயே போடுங்கள்."

முனகிக்கொண்டே, காகிதச் செலவும் கூலியும் என் கணக்கு என்ற நிபந்தனையோடு அடித்துக் கொடுத்தார். இரண்டு விரல் அகலச் சீட்டு. பக்க எண், அடிக்குறிப்பு என்ன என்று படிக்க வேண்டும் என்ற விவரம், அவருடைய முழுப் பெயர், ஊர். ஒட்டுவதற்குத் தனியாக ஆள் கிடையாதாம். பிரதிகளைக் கட்டுக் கட்டாக வீட்டுக்கே அனுப்பிவிட்டார். மைதா காய்ச்சி வைத்துக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்து ஒட்டுகிறேன். நேற்று வரை நூற்றுப் பத்து முடிந்திருக்கிறது. முதல் பிரதி விருத்தாசலத்துக்குப் போய்விட்டது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு நாளைக்கு அவர் ஊர் லைப்ரரிக்குப் போக வேண்டும்.